சோற்றுக்கு மேல் ஓர் உருண்டை களி

மீஞ்சூரில் பாசஞ்சர் வண்டி புறப்பட்டதும், மடியில் டிபன் கேரியரை வைத்திருந்த பெண் எதிர் பெஞ்சிலிருந்து சொன்னாள்:

"இந்தக் கேவுரு களியால ஒரு பிரயோசனமும் இல்ல, பாயம்மா."

நான் பேப்பரை மடித்தேன்.

என் பக்கத்தில் முக்காடு போட்டிருந்த மூத்த பெண்மணி கேட்டார்: "யாருக்கும்மா?"

"ஊட்டுக்காரருக்கு. சக்கரை வியாதி. கால்ல புண்ணு ஆறலன்னு ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. டாக்டரு களி குடுக்கச் சொன்னாரு. வேளா வேளைக்கு ஒரு உருண்ட குடுத்துக்கினுதான் இருக்கேன்."

"எப்போ குடுப்ப?"

"சோறு சாப்ட்டப்புறம்."

"சோத்துக்குப் பதிலாத்தானே குடுக்கணும்? எங்க ஊட்லயும் அவருக்கு இதே சீக்குதான்."

"பதிலாவா? நெல்லு வெளையற ஊடு பாயம்மா. வெறும் களிய வச்சா, பாக்க வர்ற சனம் இன்னா பேசும்?"

"கால எடுத்துட்டா, அந்த சனமா வந்து காலு குடுக்கும்?"

எண்ணூர் தாண்டியதும் அவள் கேரியரைப் பிரித்தாள். மேலடுக்கில் கேழ்வரகுக் களி இருந்தது. கீழடுக்கில் சோறு, இன்னும் ஆவி பறந்தது. சோற்று அடுக்கை மட்டும் கழற்றி நீட்டினாள்.

"இந்தாங்க பாயம்மா, நீங்க சாப்புடுங்க."