சுனையருகே கவிழ்ந்திருந்த டப்பா

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கிறபடி சரி. வயது ஐம்பத்து மூன்று. தொழில், மலைப் பாதைகளில் நடந்து வருபவர்களுக்கு வழி தெரிவதற்காக மரத்திலும் பாறையிலும் பெயிண்ட் குறி போடுவது. வனத்துறையிடம் ஒப்பந்தத்தில் செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார். யாரும் என்னை மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை.

இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவர் என் மனைவி. காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி, எனக்கு மைத்துனன். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அதாவது, பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

எங்களுக்குள் பகை உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். பகை இல்லை, பேச்சு இல்லை. போன மழைக்காலத்துக்கு முன்பு மலை உச்சியில் உள்ள காவல் கோபுரத்துப் படியில் எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். சரி மச்சான் என்று தலையை ஆட்டிவிட்டு, அன்று சாயங்காலமே அக்காவிடம் ஒப்பித்துவிட்டான். அவள் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள், டாக்டர் சீட்டு எழுதினார், அதைப் பார்த்த வனச்சரகர் இனி நீங்கள் மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு மலையின் கீழ்ப்பாதி எனக்கு, மேல்பாதி அவனுக்கு என்று ஆயிற்று. என் நல்லதுக்குத்தான் செய்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். என் நல்லதை என்னைக் கேட்காமல் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. அவனுக்கும் வீம்பு உண்டு, அவனும் பேசவில்லை.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நான் கூடத்தில் சாப்பிடுவேன், அவன் அடுப்படியில் சாப்பிடுவான். "பிரஷ்ஷக் கழுவி வைக்கணும்னு உன் தம்பிக்குத் தெரியுமா தெரியாதான்னு கேளு" என்று நான் சொல்வேன். "உன் வீட்டுக்காரரு குறியெல்லாம் கோணலா இருக்கு, கண்ணாடி மாத்தச் சொல்லுக்கா" என்று அவன் உள்ளேயிருந்து சொல்வான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று என் மனைவி இருவரையும் சேர்த்துத் திட்டுவாள்.

வேலையில் பேசாமல் இருக்க நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். பாதையின் நடுவில் இடிந்த கோட்டை இருக்கிறது. அதன் வாசல் வளைவை ஒட்டி ஒரு சுனை. நான் அடிவாரத்திலிருந்து குறி போட்டுக்கொண்டு அதுவரை ஏறுவேன், அவன் உச்சியிலிருந்து அதுவரை இறங்குவான். முதலில் முடித்தவன் காலி பெயிண்ட் டப்பாவைச் சுனையருகே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவான். கவிழ்ந்த டப்பா என்றால் என் பக்கம் முடிந்தது, நான் கிளம்பிவிட்டேன், காத்திருக்க வேண்டாம் என்று அர்த்தம். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒரு நாள் அவன் கவிழ்த்து வைத்தான், எனக்குப் புரிந்தது. மறுநாள் நான் கவிழ்த்தேன்.

சம்பவத்தன்று செய்ய வேண்டிய வேலை வேறு. கோட்டைச் சுவரில் வெடிப்பு விட்டிருந்ததால் அந்தப் பாதையையே மூடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பழைய வெள்ளைக் குறிகளின் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டும். சுனைக்குச் சற்றுத் தள்ளி ஜீப் ரோடு பிரிகிற இடத்தில் பாதை மூடப்பட்டது என்ற பலகைகளை ஆணி அடித்து மாட்ட வேண்டும். பலகை மாட்டுவது மைத்துனன் பொறுப்பு. காலையில் ஜீப் டிரைவர் பலகைக் கட்டை அந்தப் பிரிவில் இறக்கிவிட்டு, அவனை உச்சியில் கொண்டுபோய் விட்டார். நான் வழக்கம்போல அடிவாரத்திலிருந்து ஏறினேன்.

நான் கோட்டைக்கு வந்தபோது நல்ல மூடுபனி. கைக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெளுப்பாக இருந்தது. வாசல் வளைவின் கீழே, சுவரை ஒட்டி, அவன் டப்பா கவிழ்ந்து கிடந்தது. வழக்கமாகச் சுனைத் திட்டின் மேல் வைப்பான். அன்று தரையில் கிடந்தது. இப்போதெல்லாம் குனிந்து ஒழுங்காக வைக்கக்கூட துரைக்கு மனசில்லை, வீசிவிட்டுப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. டப்பாவைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணாந்தும் பார்க்கவில்லை. வளைவும் அதற்கு மேலே உள்ளதும் அவன் பக்கம்.

அதன் பிறகு நான் சுனையில் கை கழுவினேன். அப்போது டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. பனியில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஜீப் ரோட்டுப் பிரிவில் நின்று பலகைக்கு ஆணி அடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஜீப் ரோட்டு வழியாக வீட்டுக்குப் போனால் அவனைத் தாண்டிப் போக வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் என் டப்பாவைத் திட்டின் மேல் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிட்டேன். இறங்கும்போதும் கொஞ்ச தூரம் அந்தச் சத்தம் கேட்டது. ஆணி அடிக்கக்கூட இவ்வளவு நேரமா என்று மனசுக்குள் கிண்டல் செய்துகொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இருட்டிய பிறகும் அடுப்படியில் அவனுக்கு வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. "தம்பி எங்க?" என்று மனைவி கேட்டாள். "உன் தம்பி எனக்கு முன்னாடியே வேலைய முடிச்சாச்சு, எங்கயாவது அரட்டை அடிச்சிட்டிருப்பான்" என்றேன். அவள் தட்டைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். அதன் பிறகு ஜீப் டிரைவருக்குப் போன் போட்டாள். "காலைல எறக்கி விட்டதோட சரிக்கா. திரும்பறப்ப ரோட்டுல பாத்துட்டேதான் வந்தேன், ஆளக் காணோம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

ஜீப்பில் மூவரும் போனோம். வராதே என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிரிவில் வண்டியை நிறுத்தியதும் டிரைவர் ஹெட்லைட்டைத் திருப்பிக் காட்டினார். மரத்தில் பலகை இல்லை. கீழே பலகைக் கட்டு காலையில் இறக்கிய மாதிரியே கிடந்தது, கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஒரு ஆணியும் அடிக்கப்படவில்லை. அப்படியானால் நான் கேட்டது என்ன சத்தம் என்று தோன்றியதும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எனக்கு அவ்வளவு பயம் வாழ்க்கையில் வந்ததில்லை. தலைசுற்றல் என்று நினைத்து டிரைவர் பிடித்துக்கொண்டார். நான் கையை உதறிவிட்டுச் சுனையை நோக்கி ஓடினேன்.

பனி விலகியிருந்தது. வளைவின் மேலே இருந்த எங்கள் பழைய வெள்ளைக் குறியில் பாதி சாம்பல் அடித்திருந்தது, பாதி அப்படியே வெள்ளையாக இருந்தது. அந்தக் குறியைப் போட்டவன் நான். ஏணி நிற்காத மேடுபள்ளம் என்பதால் அன்றைக்கு அவன் தோளில் என்னை ஏற்றிக்கொண்டு, "மச்சான், சோத்தக் கொறைங்க" என்று கத்திக்கொண்டே நின்றான். இந்தத் தடவை தோள் கொடுக்க ஆள் இல்லாமல் காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி அடித்திருக்கிறான். பிடித்த இடத்தில் சுவர் சரிந்து அதோடு சேர்ந்து சுவரின் அந்தப் பக்கம் விழுந்திருக்கிறான். சுவருக்குப் பின்னால் கோட்டைக் காலத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இப்போது வறண்ட பள்ளம், மேலே புதர் மூடியிருக்கும். சுனையில் நான் கை கழுவிய இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

என் மனைவி தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு உச்சிப் பக்கம் ஓடினாள். பதில் இல்லை. நான் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். வாய் வரவில்லை. அதன் பிறகு "மாப்ள" என்று கூப்பிட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கீழேயிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் வந்தது. காலையில் கேட்ட அதே சத்தம்.

நான் புதரைப் பிடித்து உள்ளே இறங்கினேன். அவன் வலது கால் தொடை வரைக்கும் கல்லுக்குள் இருந்தது. கையில் பிரஷ் இருந்தது, அதன் கட்டையால்தான் தட்டியிருக்கிறான். முகத்தில் சாம்பல் பெயிண்ட். நான், "சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமேடா, சுவருக்கு இந்தப் பக்கம்தானே நின்னேன்" என்றேன். அவன், "நீங்க நடந்து வந்தது கேட்டுச்சு மச்சான். நீங்க மொதல்ல கூப்புடுவீங்கன்னு பாத்தேன். நீங்க போனதுக்கப்புறம் கத்தினேன்" என்றான். அதோடு மயங்கிவிட்டான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் போன் செய்து வந்த தீயணைப்புக்காரர்கள் கயிறும் கடப்பாரையும் கொண்டுவந்து கல்லை நகர்த்தி அவனை வெளியே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில், கால் இவ்வளவு நேரம் கல்லுக்கடியில் நசுங்கிக் கிடந்திருக்கக் கூடாது, காலையிலேயே கொண்டு வந்திருந்தால் காலைப் பற்றிய பேச்சே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இப்போது உயிரா காலா என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கு என் மனைவி கையெழுத்துப் போட்டாள். யாராவது வேண்டாதவர்கள் உண்டா என்று காவலர் கேட்டபோது, என் வீட்டுக்காரரும் அவனும் பேசிக்கொள்வதில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் அவனைத் தள்ளவில்லை. அவன் விழுந்தபோது நான் அங்கே இல்லை. அவன் விழுந்து கிடந்தபோது இருந்தேன்.

இதுவரை எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் ஆய்வாளர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, "அண்ணே, தள்ளல, டப்பாவப் பாத்து ஏமாந்துட்டேன்னு சொன்னாப் போதும். காலைல தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னத எடுத்துடலாமா? கேட்டுட்டும் போயிட்டீங்கன்னு ஆயிடும். நாளைக்கு இத உங்க வீட்டம்மாவும் படிப்பாங்க" என்று கேட்டார். நல்ல மனிதர், என் நன்மைக்காகத்தான் கேட்டார். என் நன்மைக்காக ஒருவர் சொன்னதற்கு நான் கோபப்படாதது இதுவே முதல் தடவை.

எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சத்தம் கேட்டது என்பதை என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. அவள் இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும். எழுத்தர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்து எழுதச் சொல்லி எழுதப்பட்டது.

மேலே உள்ளவை எல்லாம் நான் கண்டது, கேட்டது, செய்தது, செய்யாதது. முழுவதும் படிக்கக் கேட்டு, ஒரு வரியும் நீக்காமல் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)