‘வே’க்கு அடுத்த எழுத்து

— பாப்பா போன வாரமே சொல்லிட்டா. ‘அம்மா வேணும்.’ ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா என் வீட்டுக்குத்தான் வரப்போறா. நீங்க உங்க வீட்ல ரூம் ஒழிச்சு வெச்சது வீண்.

— முழுசா சொன்னாளா?

— ‘அம்மா வே’ வரைக்கும் சொன்னா. அதுக்கு மேல என்ன? ஒவ்வொரு எழுத்துக்கும் கண்ணைத் தூக்கணும். பத்து வயசுப் பொண்ணு, உடம்புல அது ஒண்ணுதான் அசையுது. பாவமா இல்ல உங்களுக்கு?

— ‘வேணும்’கூட ‘வே’தான், ‘வேண்டாம்’கூட ‘வே’தான். டீச்சர், பேச்சுப் பயிற்சி குடுக்கறது நீங்கதானே, நீங்க சொல்லுங்க.

— அன்னிக்கு நான் லீவு சார். அம்மாதான் எழுத்து அட்டையைப் பிடிச்சிருக்காங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். மூளையில ரத்தம் அடைச்சதுல கை கால் பேச்சுதான் போச்சு, புத்தி அப்படியே இருக்கு. முதல் நாளே என்னைப் பாத்து ‘குண்டு’ன்னு எழுத வெச்சா.

— வாய் அவங்க அப்பாவோடது.

— காது உன்னோடது, ஒண்ணு விடாது. அவ தலைமாட்டுல நின்னு உங்க அக்காகிட்ட ‘இதுக்கு அன்னிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்’னியே, அதையும் விட்டிருக்க மாட்டா.

— நினைவே இல்லைன்னு டாக்டர் சொன்ன சமயம் அது. நீங்க ரொம்ப ஒழுங்கோ? கதவுகிட்டயே நின்னு எட்டிப் பாத்துட்டு, ‘தூங்கறா போல’ன்னு கெளம்பிடுவீங்க. அவ கண்ணு தெறந்தே இருக்கும்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க, அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா. பாப்பா, எங்க போகணும்னு நீயே சொல்லு. நான் எழுத்தைத் தொட்டுக்கிட்டே வர்றேன். உன் எழுத்து வந்தா மேல பாரு, சொல்லி முடிச்சா கண்ணை மூடிக்கோ. அ... ம்... மா... வே...

— நான்தான் சொன்னேனே.

— இன்னும் மூடலம்மா. ண்... டா... ம். இப்ப மூடிட்டா.

— கேட்டுக்கிட்டியா? நல்லாக் கேட்டுக்கோ.

— அவ ஸ்கூல்லயும் இப்படித்தான் டீச்சர். எழுத்துப்பிழை நிறைய வரும்.

— பிழையாம். அவ துணிமணியெல்லாம் எடுத்து வை, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்.

— இருங்க சார், மறுபடி மேல பாக்கறா. அ... ப்... பா... வே...

— ‘வேணும்.’ தெரிஞ்சுபோச்சு. அட்டையை உள்ள வைங்க டீச்சர்.

— சார், அவ இன்னும் கண்ணை மூடல.