தங்கை கேட்ட செடிப்பெட்டி

சன்னலில் செடி வைக்க மரப்பெட்டி செய்கிறவர்கள் பலரும் அடியில் ஓட்டை போட மறந்துவிடுகிறார்கள், ஐயா. தண்ணீர் தேங்கி வேர் அழுகிப்போகும். கடைசியில் மரத்தின் மேல் பழி போடுவார்கள். நான் மறக்கவில்லை. அந்தப் பெட்டியில் நான் மறந்தது என்று எதுவுமே இல்லை.

பெட்டியைக் கேட்டது என் தங்கைதான். வெளியூர்த் தையல் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சாப்பிடும்போது சொன்னாள்: "நான் போயிட்டா நீ செவுத்தோடதான் பேசணும். மாடி சன்னல்ல ஒரு பெட்டி அடிச்சு மாட்டுண்ணா. ரெண்டு செடியாவது உன் புலம்பலைக் கேட்டுட்டு இருக்கட்டும்."

வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு. அப்பா அம்மா போனபின் அவளை ஆளாக்கியவன் நான். அவளுக்காகக் கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். சொல்லிக்காட்டுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்.

எங்கள் வீடு சின்னது. கீழே என் தச்சுப்பட்டறை, மேலே அவள் தைக்கிற ஒற்றை அறை. அந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு சன்னல். சன்னலுக்குக் கம்பி கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, சொல்பேச்சு கேட்கவில்லை என்று ஒருநாள் அவளை உள்ளே வைத்துப் பூட்டினேன். சன்னல் வழியாகப் பட்டறை வாசலின் தகரக் கூரையில் இறங்கி, தெருமுனையில் நின்று என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அது மனதில் தங்கிப்போயிற்று.

அது வெளிப்பக்கமாகத் திறக்கிற சன்னல். கனமான தேக்குக் கதவுகள். அப்படிப்பட்ட சன்னலுக்குப் பெட்டியை ஒரு சாண் இறக்கித்தான் மாட்ட வேண்டும். அப்போதுதான் கதவு செடிக்கு மேலே போகும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது. நான் இறக்கவில்லை. கதவைத் திறந்தால் கொஞ்சத்திலேயே பெட்டியில் முட்டி நின்றது. அந்த இடைவெளியில் கை நுழையும், தலை நுழையாது.

பெட்டியைச் சுவரின் இரும்புத் தாங்கிகளோடு இரண்டு போல்ட்டுகளால் பிணைத்தேன். நட்டுகள் பெட்டிக்குள், அடியில் இருக்கும், மேலே மண். நான் முடுக்க முடுக்க அவள்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கதவு முட்டுதே?"

"அளவு தப்பிப்போச்சு பாப்பா. அப்புறம் இறக்கி மாட்டித் தரேன்."

"கண்ணாலயே அளக்குற ஆளுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறே. உனக்கே தப்புதா?" என்று சிரித்தாள். வயதாகிவிட்டதாம் எனக்கு.

செடிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்பார்கள். உண்மைதானே?

அவள் கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் அறையை வெளியே பூட்டினேன். அன்று ஒருநாள்தான். பேருந்தை விட்டுவிட்டால் கொஞ்சம் அழுவாள், பிறகு எனக்கும் சேர்த்து உலை வைப்பாள் என்று நினைத்தேன். முடித்து வைத்திருந்த அலமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்.

தீயை நான் வைக்கவில்லை, ஐயா. பட்டறையில் மின்கம்பி பழசு. மரச்சீவலில் பொறி விழுந்திருக்கும். சீவலைக் கொல்லையில் எரிப்பது எங்கள் வழக்கம் என்பதால், புகையைப் பார்த்தும் தெருவில் யாரும் பதறவில்லை.

எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சன்னல்லேந்து செடிசெடியா பிடுங்கிப் போட்டுச்சுண்ணே. மண்ணையும் அள்ளி அள்ளிக் கொட்டுச்சு. காத்தடிக்கிற மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பழைய செடிய எடுத்துட்டுப் புதுசு வைக்கப் போகுதுன்னு நெனச்சுட்டேன். பாவி நான்." பாவம், நல்ல பையன். அவன்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் செடி மாற்றவில்லை. நட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் கழற்றித் தள்ளினால் பெட்டி விழும், சன்னல் திறக்கும், கீழே தகரக் கூரை. கெட்டிக்காரி. காலியான பெட்டிக்குள் தையல் மெஷின் ஸ்பானர் கிடந்ததாகச் சொன்னீர்கள். நட்டின் முனைகள் மழுங்கும் அளவுக்குத் திருகியிருக்கிறாள் என்றும் சொன்னீர்கள். ஏன் கழலவில்லை என்றுதானே இவ்வளவு நேரமாகக் கேட்கிறீர்கள்?

பெட்டி மாட்டிய அன்று அவள் மண் எடுக்கக் கீழே போனாள். அந்த நேரத்தில் இரண்டு போல்ட்டுகளின் நுனியையும் சுத்தியலால் அடித்து நசுக்கினேன். நுனி விரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஸ்பானருக்கும் நட்டு அசையாது. வாளியோடு வந்தவள், "இன்னுமா தட்டிட்டிருக்கே?" என்றாள். "கெட்டியா இருக்கட்டும் பாப்பா" என்றேன். அவளே அதன்மேல் மண்ணைக் கொட்டினாள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். யாராவது பெட்டியைக் கழற்றப்போய், அது தெருவில் போகிறவர் தலையில் விழுந்துவிட்டால்? ஒருவருக்கு ஒன்று என்றால் எனக்குத் தாங்காது, ஐயா.