மலர்விழியின் சென்சாருக்கு ஒரு பரீட்சை

“என் மக கேன்சர் மருந்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் பண்றவ. அவ செருப்பு உங்க வாசல்ல கிடந்தா உங்களுக்குத்தான் பெருமைலா” என்று பக்கத்து வீட்டுச் சந்திரகலா கத்தினாள்.

“சென்சார் பண்றவளுக்குச் செருப்பை நேரா விடத் தெரியலையே” என்று நானும் குரலை உயர்த்தினேன். அதற்குள் செருப்புத் தட்டைக் காலால் அவள் பக்கம் தள்ளியும் விட்டிருந்தேன். மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இதெல்லாம் சகஜம், வக்கீல் தம்பி. மறுநாளே ஒரு கிண்ணம் ரசத்தோடு வந்து நின்றாள், நானும் வாங்கிக்கொண்டேன். உப்பு தூக்கலாக இருந்தது, சொல்லவில்லை. எனவே இந்த மகதலேனா பழைய சண்டையை மனத்தில் வைத்துச் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. மாத்திரைப் பட்டை மாறிவிட்டது, வயதான கண், தெரியாமல் நடந்தது என்று எழுதலாம் என்றீர்களே, அதுவும் வேண்டாம். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். நான்காவது மாடியிலிருந்தே, பாசாரில் வாங்கித் திரும்புகிறவள் கூடையில் என்ன மீன் என்று சொல்வேன். உங்கள் அக்கா கிள்ளானில் இரண்டாவதாக யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதுகூடத் தெரியும், அது இப்போது வேண்டாம்.

அவள் மகள் மலர்விழி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். என்னதான் செய்கிறாள் என்று பார்க்க, சர்க்கரை கேட்கிற சாக்கில் ஒருமுறை உள்ளே போனேன். கணினித் திரையில் தேன்கூடு மாதிரி ஒரு மெல்லிய தகடு. அதன் மேலே உருண்டை உருண்டையாக ஒரு பொருள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தகடு நானோ பொருளாம், உருண்டை புற்றுநோய் மருந்தாம். மருந்து அதில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, ஒட்டினால் தகட்டில் மின்சாரம் ஓடுவது எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடுவாளாம். மாற்றம் தெரிந்தால் அது நல்ல சென்சாராகுமாம்.

அந்தத் தகடு எங்கே இருக்கிறது, கையில் எடுத்துக் காட்டு என்றேன். சிரித்தாள். “இன்னும் எங்கேயும் இல்ல ஆன்டி. இது வெறும் மாடல். இதுல ரத்தம் கிடையாது, தண்ணிகூடக் கிடையாது. வெற்றிடத்துல ஒரு தகடு, ஒரு மருந்து, அவ்வளவுதான்.”

இல்லாத தகட்டில் இல்லாத மருந்தை ஒட்டவைப்பதற்கு அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. சரி, யார் வீட்டுப் பணம். ஆனால் பெண் ஒழுங்காகச் சொன்னதை அம்மா ஊருக்கு எப்படிச் சொன்னாள் தெரியுமா? மாரியம்மன் கோயிலில், பூக்கடையில், லிஃப்டில், மகள் ஒரு மிஷின் செய்துவிட்டாள், மருந்து ரத்தத்தில் ஓடுகிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும் என்றாள். நான் திருத்தினேன். பொறாமை என்றாள். எனக்கு எதற்குப் பொறாமை? என் மகன் கேவின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போன் செய்ய நேரமில்லாத அளவுக்கு நல்ல வேலை.

பிறகு சந்திரகலாவுக்கே குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை முடிந்து, வீட்டிலேயே சாப்பிடுகிற கீமோ மாத்திரை கொடுத்தார்கள். அது உடம்புக்குள் போய் எந்த மருந்தாக மாறுமோ, மலர்விழியின் திரையில் சுற்றியதும் அதே மருந்துதானாம். அதற்குப் பிறகு இவள் பேச்சைக் கேட்கவா வேண்டும். “மத்தவங்களுக்கு டாக்டர் மட்டும்தான் அக்கா. எனக்கு மக இருக்கா. மருந்து ஒரு துளி குறைஞ்சாலும் அவ மிஷின் காட்டிக் கொடுத்துடும்” என்றாள். நோயாளியாயிற்றே என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த மாத்திரை உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். விரல் நுனியெல்லாம் சிவந்து வெடித்து, பட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவளால் முடியவில்லை. வீட்டுக்காரர் கமலநாதன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவதே அபூர்வம். மகள் காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதனால் மலர்விழி என்னிடம் வந்து, காலை மாலை என்று அறை பிரித்த ஒரு டப்பாவைக் கொடுத்தாள். மாத்திரையைப் பிதுக்கி அதில் போட்டு வைக்கச் சொன்னாள். “உங்களை விட்டா யார் இருக்கா ஆன்டி” என்றாள். உண்மைதான். அந்த மாடியில் கை சுத்தமானவள் நான் ஒருத்தி.

ஃபார்மசியில் அதே வெளிர் ஆரஞ்சு நிறத்தில், அதே நீளத்தில் வைட்டமின் மாத்திரை கிடைத்தது. அதைப் பிதுக்கிப் போட்டேன்.

விஷம் எதையும் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல விலையுள்ள வைட்டமின், என் சொந்தக் காசு. மருந்து குறைந்தால் மிஷின் காட்டிக் கொடுக்கும் என்றாளே, காட்டட்டும் என்றுதான் பார்த்தேன். உண்மையான மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன். தூக்கி எறிந்திருக்கலாமே என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள். சோதனை செய்கிறவர்கள் சான்றை எறிவார்களா, தம்பி? படித்தவர் நீங்கள்.

சந்திரகலாவின் கை ஆறியது. புதுத் தோல் பிள்ளைத்தோல் மாதிரி வந்தது. வாந்தி நின்றது. நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தாள். ரத்தப் பரிசோதனை முன்னைவிட நன்றாக இருக்கிறதென்று டாக்டரே பாராட்டினாராம். மலர்விழி அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அந்த மருந்தோடு நாளெல்லாம் குடித்தனம் நடத்துகிறவள். அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்து மருந்து இல்லையென்று சொல்லத் தெரியவில்லை. நான் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விரல் சரியானதும், இனி நானே பிதுக்கிக்கொள்கிறேன் என்று சந்திரகலா டப்பாவைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. “உங்க கைராசிதான் அக்கா, நீங்களே போடுங்க” என்று அவளும் விட்டுவிட்டாள்.

நான் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலர்விழியிடம் நேரடியாகவே கேட்டேன், அம்மாவுக்கு மருந்து ஏறுகிறதா என்று உன் மிஷினில் பார்த்தாயா என்று. “அதுல அம்மா ரத்தத்தை ஊத்த முடியாது ஆன்டி, அது கணக்கு மட்டும்தான்” என்று மறுபடியும் சொன்னாள். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். பெண் ஒப்புக்கொண்டாள், அம்மா ஒப்புக்கொள்ளவில்லையே. என் மகள் அப்படி ஒன்றும் செய்துவிடவில்லை என்று ஒருமுறை, என் ஒருத்தியிடமாவது, சந்திரகலா சொல்லியிருந்தால் அன்று மாலையே சரியான மாத்திரையைப் போட்டிருப்பேன். அது அவள் கையில்தான் இருந்தது. கடைசிவரை வாய் அடங்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். ஊசி மருந்துக்கு மாற்றுவதற்குள் அவள் எழுந்து உட்கார முடியாமல் போனாள். கஞ்சி நான்தான் ஊட்டினேன். சவப்பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. படி வழியே இறக்கும்போது வளைவில் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று வழி சொன்னதும் நான்தான்.

இவ்வளவோடு போயிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கருமாதியன்று மண்டபத்தில் மலர்விழி எழுந்து பேசினாள். பக்கத்தில் அவளோடு படிக்கிற விமலன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அம்மாவின் ரத்தத்தில் மருந்து போதுமான அளவு ஏறாமல் இருந்திருக்கலாம், அதைச் சொல்ல ஒரு சென்சார் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார், அதனால்தான் இந்த ஆராய்ச்சியை விடப்போவதில்லை என்றாள். கூட்டம் கண்ணைத் துடைத்தது.

பாருங்கள், என் பரீட்சையில் தோற்றுவிட்டு, அந்தத் தோல்வியையே காட்டி மார்க் வாங்குகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. பந்தியில் அவள் எனக்கு வடை வைக்க வந்தபோது மெதுவாகத்தான் சொன்னேன்.

“அளவு குறையலம்மா. மருந்தே இல்ல. நான் போடவே இல்ல. டின்னு வீட்டுல இருக்கு, வந்து பாரு.”

அவள் வடைத் தட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுச் சொன்னது விமலனாக இருக்கும், போலீஸ் வந்தபோது நான் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, தெரிந்துதான் செய்தேன், அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்து. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

மற்றதெல்லாம் என் தங்கை பெர்னிஸ் இங்கே சிறைக்கு என்னைப் பார்க்க வரும்போது சொல்லித் தெரியும். கமலநாதன் வீட்டை விற்றுவிட்டு வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துப் போய்விட்டாராம். மலர்விழி விமலனைக் கட்டிக்கொண்டு ரவாங்குக்குக் குடிபோய்விட்டாள். கல்யாணத்துக்கு மாடியில் ஒரு வீடு விடாமல் அழைப்பு வைத்தார்களாம். என் வீடு பூட்டிக் கிடந்ததால் எனக்கு மட்டும் வைக்க முடியாமல் போயிருக்கும்.