நட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

என் தங்கை வீட்டுக்காரர் வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அவரா ஒரு சக்கரத்தை இறுக்காமல் விடுவார்? நீங்கள் ஆளை மாற்றிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பந்தயக் காரின் சக்கரத்துக்கு நட்டு ஒன்றே ஒன்றுதான். அதை இறுக்கியதும், நட்டிலிருந்து சக்கரம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார் மாப்பிள்ளை. கோடு விழுந்துவிட்டால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அதன்பிறகு யாரும் தொடமாட்டார்கள். கழன்று விழுந்த நட்டில் கோடு இருந்தது. இறுக்காமலே கோடு போட்டுவிட்டார், கவனக்குறைவால் இரண்டு மரணம் என்று அவரை உள்ளே வைத்தீர்கள். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தக் கோடு அவர் போட்டதல்ல.

அவர் இறுக்கினார், கோடும் போட்டார். கை கழுவப் போனார். நான் அந்தக் கோட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன், நட்டைத் தளர்த்தினேன், புதுக் கோடு இழுத்தேன். தலைமை மெக்கானிக் நான், காருக்குப் பக்கத்தில் குனிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

போன வருடம் அதே வளைவில் என் மகன் செத்தான். எங்கள் அணியில் இரண்டு கார். ஒன்றை அவன் ஓட்டினான், மற்றதை இப்போது இறந்தவன் ஓட்டினான். இரண்டும் உரசியதில் மகனின் கார் நான்கு முறை உருண்டது. ஹெல்மெட்டை நான்தான் கழற்றினேன். உள்ளே இருந்ததை என் மனைவிக்குக் காட்டவில்லை. விசாரணைக் குழு பத்து நாள் உட்கார்ந்து, யார் மேலும் தவறில்லை என்று எழுதியது. ஒரு தெருநாய் அடிபட்டால்கூட வண்டிக்காரனை நாலு பேர் திட்டுவார்கள்.

மற்றவன் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதான். "நான் ஒதுங்கித்தாண்ணே போனேன். அவன் பிரேக்கே அடிக்கலண்ணே" என்றான். செத்தவன் மேல் பழி போடுகிறவனை எனக்கு அறவே பிடிக்காது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஒரு வருடம் அவன் காரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

எட்டாவது சுற்றில் சக்கரம் கழன்றது. கார் சுவரில் மோதி, முன்பக்கம் அவன் இடுப்புவரை மடங்கி வந்தது. பிறகு தீப்பிடித்தது. ஹெட்செட்டில் குரல் தெளிவாகக் கேட்டது. "அண்ணே, கால் எங்க இருக்குன்னே தெரியலண்ணே. யாராச்சும் இழுங்கண்ணே. எரியுதுண்ணே." நாற்பது வினாடி. மற்றவர்கள் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். நான் கடைசிவரை கேட்டேன். தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அவனிடம் நடந்தேன். ஓடியிருக்கலாம். கழன்ற சக்கரம் வேலியைத் தாண்டி, கொடி காட்டுபவரின் மார்பை நசுக்கியிருந்ததைப் போகும் வழியில்தான் பார்த்தேன். அவரை எனக்குப் பழக்கமில்லை. அவர் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

இதையும் யார் மேலும் தவறில்லை என்று முடித்துவிடுவீர்கள் என்றுதான் இருந்தேன். நேற்று என் தங்கை, மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் இறுக்கினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்குன்னு சொல்றாருண்ணா. தப்பு என்னோடதுதான்னு கையெழுத்துப் போடப் போறாராம்." அது பொறுக்கவில்லை. செய்யாத வேலைக்கு அவர் ஏன் பெயர் வாங்க வேண்டும்? இரண்டு பேரையும் கொன்றது நான். அவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்.

அந்தப் பழைய அறிக்கையை எதற்கு எடுக்கிறீர்கள்? பதினான்காம் பக்கம் எனக்கு மனப்பாடம். என் மகனின் காரில் பிரேக் எண்ணெய்க் குழாய் விரிசல் விட்டிருந்தது, அது மோதலுக்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முன்புதான். பழைய குழாய், மாற்ற வேண்டியவன் நான். மாப்பிள்ளைகூட இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. மனுஷன் என்றால் ஒன்றிரண்டு மறந்து போகாதா, அதற்கெல்லாம் ஒருவனைப் பிடித்துக் குற்றம் சொல்ல முடியுமா?