ஆக்லாந்தில் காலமானார்

ஜூன் மாதத்தில் ஆக்லாந்தில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. மழையும் சேர்ந்துகொண்டால் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். அந்த ஊருக்கு நான் போனதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேலை மிச்சம்.

என் பெயர் செங்குட்டுவன். நெய்வேலியில் முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ். மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ஜனவரி கடைசியில் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நானும் மனைவி பொற்கொடியும் நியூசிலாந்தில் மகள் இசைப்பிரியாவோடு போய் இருந்துவிடுவதென்று ஏற்பாடு. இரண்டு வருஷமாக ஷிப்டுக்கு ஷிப்ட் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை போட்டு, மேளம் அடித்து, வேனில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவது எங்கள் பிரிவில் வழக்கம். என்னை விட்ட அன்று எனக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொடுத்தார்கள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் இசைப்பிரியா போன் செய்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாம், ஒற்றை ரூமுக்கு மாறிவிட்டார்களாம், இப்போது வர வேண்டாம் என்றாள். பிறகு எப்போது என்று கேட்டேன். அழுதுவிட்டாள்.

பயணம் தள்ளிப்போய்விட்டது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எங்கள் பிரிவில் எனக்கு முன்னால் ஒருவர் அமெரிக்கா போகிறேன் என்று விருந்து வைத்துவிட்டு, நாலாம் மாதம் நெய்வேலிக்குப் பக்கத்திலேயே மந்தாரக்குப்பத்தில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார். அவருக்கு ‘ஏர்போர்ட்’ என்று பேர் வைத்ததே நான்தான். அவர் மகள் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட ‘ஏர்போர்ட் வீட்டுக் கல்யாணம்’ என்றுதான் சொன்னார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது ஐயா, வேறு ஒன்றுமில்லை.

உள்ளூர் டிரைவர் வேண்டாமென்று விழுப்புரத்திலிருந்து கார் வரவழைத்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமர் நிஷா, பொற்கொடிக்கு இருபத்திரண்டு வருஷத்துத் தோழி, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் கையசைத்தார்கள். கார் பண்ருட்டிக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டி நான் பிடித்து வைத்திருந்த வாடகை வீட்டில் வந்து நின்றது.

ஒரு மாதம்தான் என்று பொற்கொடியிடம் சொன்னேன். மகளிடம், ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், நீ கவலைப்படாதே என்றேன். சுவர்க் கடிகாரத்தை ஆக்லாந்து நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். எங்கள் பிரிவு வாட்ஸ்அப் குரூப்பில் எதையாவது தப்பாக எழுதிவிடக் கூடாதே. மே மாதம் இங்கே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போது எங்கள் கடிகாரத்தில் மாலை ஆறரை. முதுகில் வேர்வை ஓட உட்கார்ந்துகொண்டு, ‘இங்கே நல்ல குளிர்’ என்று எழுதுவேன். மகள் அனுப்பும் படங்களைப் போடுவேன். எந்தப் பஸ் எங்கே போகும், கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடித் தேடிப் படித்தேன். யாராவது சந்தேகம் கேட்டால் சளைக்காமல் பதில் சொல்வேன். கூட வேலை பார்த்த வைத்திலிங்கம், அங்கே பலாப்பழம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். டப்பாவில் வருவதுதான், ருசி இருக்காது என்று எழுதினேன். உண்மையில் எனக்கு அந்த ஊர் பழகிவிட்டது.

பொற்கொடிக்குத்தான் பழகவில்லை. அவள் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மகள் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேச வைப்பேன். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவேன், கடைகளில்கூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டேன். எதிரே ரோட்டில் நெய்வேலி பஸ் போகும். ஜன்னல் சந்தில் கண்ணை வைத்து அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். “இன்னும் எத்தினி நாளுக்குங்க இப்பிடி ஒளிஞ்சிகினு இருக்கிறது?” என்று கேட்பாள். அடுத்த மாதம் என்பேன். நாலு மாதம் இப்படி ஓடியது. அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

அவள் போனது ஜூன் பதினொன்று. தோப்பு ஓரத்தில் நானே குழி வெட்டினேன். மறுநாள் குரூப்பில், ‘என் மனைவி பொற்கொடி ஆக்லாந்தில் காலமானார். இறுதிச் சடங்கு இங்கேயே முடிந்தது’ என்று போட்டேன். நெய்வேலியில் எங்கள் பழைய பிளாக்கில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நல்ல கூட்டம், படம் அனுப்பியிருந்தார்கள். தூரம் காரணமாக வர முடியாததற்கு வருந்தி எழுதினேன்.

மகளிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, தூங்குகிறாள் என்று ஒன்பது நாள் சமாளித்தேன். கமர் நிஷா எப்படியோ அவள் நம்பரைத் தேடிப் பிடித்துத் துக்கம் விசாரித்திருக்கிறார். அம்மா பண்ருட்டியில் அப்பாவோடு இருக்கிறாளே என்று இவள் சொல்லியிருக்கிறாள். அம்மா செத்த செய்தி அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

இனி நீங்கள் மூன்று தடவை கேட்ட விஷயம். அன்று காலை பதினோரு மணி, நம் ஊர் நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பண்ருட்டியானாலும் கடலூரானாலும் எங்கள் நெய்வேலி ஆட்கள் இல்லாத ஆஸ்பத்திரி உண்டா? சாயங்காலம் பார்க்கலாம் என்றேன்.

“கமருக்கு ஒரு போன் போடுங்க, அவ வந்து இட்டுகினு போவா” என்றாள். “நான் எல்லாத்தையும் சொல்லிடுறேன். எனக்கு வெக்கமா இல்லீங்க.”

அந்த நேரம் பார்த்து எதிரே சாமியம்மாளின் பலாப்பழக் கடையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வைத்திலிங்கம். சீசனில் பழம் வாங்கப் பண்ருட்டிக்கு வருகிறவர்தான், நான் யோசித்திருக்க வேண்டும். பொற்கொடியும் பார்த்துவிட்டாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “வைத்தி அண்ணே” என்றாள். குரல் பாதிதான் வந்தது. பின்னாலிருந்து அவள் வாயைப் பொத்தினேன்.

வைத்திலிங்கம் எதையும் நிதானமாகத்தான் வாங்குவார். ஒவ்வொரு பழமாக விரலால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், முகர்ந்தார், விலையைக் குறைக்கச் சொன்னார், போவதுபோல் போய்த் திரும்பி வந்தார். எனக்கு உயிர் போய்விடும் போலிருந்தது. பொற்கொடி என் கையைக் கடித்தாள். நீங்கள் படம் எடுத்தது அந்தக் காயம்தான். அப்புறம் அடங்கிவிட்டாள். நம் நிலைமையைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன், மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

‘வைத்திலிங்கம் பார்த்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்தியதில் மூச்சு நின்றுவிட்டது’ என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். நான்தான் அப்படிச் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் பழத்தைக் கால் பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வளைவு திரும்புகிற வரைக்கும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பிறகு ரோட்டில் யாரும் இல்லை. அவள் மூச்சு என் விரல் மேல் சூடாகப் பட்டுக்கொண்டுதான் இருந்தது. முகத்தைத் திருப்பி என்னையே பார்த்தாள். வெக்கமா இல்லை என்று சொன்னாளே, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன்.