பதினேழாம் எண் தைலம்மாள்

நூலக விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெருந்தகை இளையபெருமாள் அவர்களே, மேடையை மேன்மைப்படுத்தும் பெரியோரே, ராசகிரி மலையின் நிழல் மெல்ல நீளும் இம்மாலையில் வேலை முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! மேல்சித்தாமூர் ரத்னத்தின் மகள் ஜெயமாலா உங்களை வணங்குகிறேன்.

சென்னையில் கணிப்பொறிகளைக் கம்பியால் இணைப்பது என் வேலை. ஒரு பொறி இன்னொன்றுக்கு எழுதும் மடல், மேலே இட்ட எண்ணைப் பார்த்தே போய்ச் சேர்கிறது. அந்த எண் எதைச் சொல்கிறது? யார் என்பதையா, எங்கே என்பதையா? இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது. பொறியை அடுத்த கட்டடத்துக்கு மாற்றினால் எண்ணும் மாறுகிறது. நேற்றுவரை அதனோடு பேசிய பொறிகள் இன்று அதை அறியாது நிற்கின்றன.

"அதுக்கு நாங்க இன்னாம்மா பண்றது?" என்கிறார் பின்வரிசைப் பெரியவர். சொல்கிறேன் ஐயா.

தைலம்மாள் கல்லுடைப்பவர். வேலை எங்கேயோ, குடிசை அங்கே. இரு கண்ணும் மங்கியபோது, மருத்துவமனை அறுவைக்கு நாள் குறித்துச் சீயமங்கலத்துக்குக் கடிதம் போட்டது. அவரோ அதற்குள் மண்டகப்பட்டுக்குப் போயிருந்தார். கடிதம் திரும்பியது. நாள் போனது. வலக்கண்ணின் ஒளியும் போனது. ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டபோது அவர் சொன்னார்: "நான் எங்கயும் ஓடிப்போவல சார். வேலைக்குத்தான் போனேன்."

நம்மூர் பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜகபர் அலி அண்ணன் இதைக் கேட்டு வருந்தினார், வருந்தியதோடு நின்றாரா? வாடகை சைக்கிளுக்கு வரும் கல்லுடைப்போருக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்தார். பெயர் மட்டும் போதாது, தைலம்மாள் என்றே இருவர் இருந்தார்கள். இவருக்குப் பதினேழு. கடிதமெல்லாம் அந்த எண்ணோடு கடைக்கு வரட்டும் என்றார். எண்ணுக்கு எதிரே, இடம் மாறும்போதெல்லாம் அவரவர் வந்து சொல்லும் ஊரைச் சிலேட்டில் எழுதி வைத்தார்.

"நீ இருக்கிற எடம் மாறட்டும்மா," என்றார். "நம்பர் மாறாது. அது நீதான்."

இடக்கண்ணுக்கான கடிதம் வருவதற்குள் தைலம்மாள் இரண்டு ஊர் மாறிவிட்டார். அண்ணன் சிலேட்டைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார், அன்று பிற்பகலே கடிதத்தை அவர் கையில் சேர்த்தார். அந்தக் கண் பிழைத்தது. மூன்றாம் வரிசையில் அமர்ந்து அந்தக் கண்ணால்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாரும் திரும்பி அவரைக் கூச வைக்காதீர்கள்.

இதை என் மேலதிகாரி பார்சுவநாதனிடம் சொன்னேன். செய்து பார் என்றார். பொறிக்கு மாறாத எண் ஒன்று. மாறும் இடத்துக்குத் தனிக் குறிப்பு ஒன்று. அப்போதிலிருந்து ஒரு கனவு காண்கிறேன். கணிப்பொறியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மனிதர்கள் மலை கடப்பார்கள், கடல் கடப்பார்கள். தொடங்கிய பேச்சு மட்டும் அறுபடாது, அறுபடவே அறுபடாது!

சென்ற மாதம், இன்னொரு பொறியிலிருந்து ஒரு வாக்கியம் பாதி வந்திருக்கையில் கம்பியைக் கழற்றினோம். நால்வர் சேர்ந்து பொறியை மாடிக்குத் தூக்கி, வேறொரு கம்பியில் பொருத்தினோம். மூச்சடக்கி நின்றோம். திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக அரும்பின. வந்தது, அந்த வாக்கியத்தின் மீதிப் பாதி.

இவ்வளவு பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.